ஹோமி பாபாவும் அவர் சேர்க்கச் சொன்ன புளூட்டோனியமும்

கொக்கிளாய்க் கடற்கரையில் ஈர மணலை ஒரு கை அள்ளிப் பார்த்தால் கறுப்பு மின்னும். அந்தக் கறுப்பு இல்மனைற். பக்கத்துப் புல்மோட்டையில் அரச நிறுவனம் பல பத்தாண்டுகளாக அதைத்தான் அள்ளி, பிரித்து, கப்பலேற்றுகிறது. அதோடு மிகச் சிறிதளவு மொனசைற் என்ற கனியமும் அந்த மணலில் கலந்திருக்கிறது. 1984 இல் விரட்டப்பட்டு, போர் முடிந்த பிறகே ஊர் திரும்பிய சனம் இங்கே வாழ்கிறது. மணல் அகழ்வு தங்கள் பக்கமும் வந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அவர்களோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், வலையைக் காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ஐயா ஒருவர், அணுகுண்டுக்கான சாமான் இந்த மண்ணுக்குள் இருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மைதானா என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது ஊடகக் கற்கை. விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்த கதை. வீட்டுக்கு வந்து வாசிக்கத் தொடங்கினேன். கிடைத்த பதில் சுருக்கமானது. மொனசைற்றில் தோரியம் என்ற உலோகம் உண்டு. தோரியத்தை அப்படியே வைத்துக்கொண்டு குண்டும் செய்ய முடியாது, மின்சாரமும் எடுக்க முடியாது. அது பச்சை விறகு மாதிரி. பச்சை விறகு பற்றுவதற்கு முதலில் சிரட்டைத் தணல் வேண்டும். தோரியத்துக்கு அப்படித் தணலாகக் கூடிய பொருள்களில் ஒன்றுதான் புளூட்டோனியம்.

அந்தத் தணலை ஒரு நாடு தானே உண்டாக்கி, தானே சேர்த்து, தன் சொந்தக் களஞ்சியத்தில் வைத்திருக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. எங்கள் பக்கத்தில் பாபா என்றால் சாயிபாபா நினைவுதான் வரும். இவர் வேறு. இந்திய அணுசக்தியின் தந்தை என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் சொல்லும் விஞ்ஞானி. இவருடைய வாழ்க்கையை எழுத நான் நினைத்ததற்குக் காரணம் இவர் பெரிய விஞ்ஞானி என்பதல்ல. இவர் தொடக்கி வைத்த களஞ்சியங்களில் ஒன்று கல்பாக்கத்தில் இருக்கிறது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து நேர்கோட்டில் 400 கிலோமீற்றருக்குள்.

பாபா 1909 ஒக்டோபர் 30 ஆம் திகதி பம்பாயில் ஒரு வசதியான பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பன் சட்டத்தரணி. தகப்பனின் சகோதரி மெஹர்பாயைத் திருமணம் செய்தவர் டாட்டா குழுமத்தின் தொராப்ஜி டாட்டா. பையன் இங்கிலாந்து போய்ப் பொறியியல் படித்துவிட்டு வந்து, ஜம்ஷெட்பூரில் டாட்டாக்களின் உருக்காலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது குடும்பத்தின் கணக்கு. 1927 இல் கேம்பிரிட்ஜ் போனவருக்குப் பொறியியலில் மனம் ஒட்டவில்லை. பௌதிகவியல்தான் வேண்டும் என்று தகப்பனுக்கு எழுதினார். முதலில் பொறியியலில் முதல் வகுப்பு எடு, பிறகு உன் விருப்பம் என்று தகப்பன் பேரம் பேசினார். மகன் எடுத்தார். கணிதத்துக்குப் போனார், அங்கிருந்து பௌதிகவியலுக்கு. முப்பது வயதுக்குள் இலத்திரனும் பொசித்திரனும் மோதிச் சிதறுவது பற்றிய அவருடைய கணிப்பு அவர் பெயராலேயே அழைக்கப்பட்டது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மழைபோல் பெருகுவதை வால்டர் ஹைட்லருடன் சேர்ந்து 1937 இல் விளக்கினார். ஓவியம் வரைவார். மேற்கத்தியச் சாஸ்திரிய இசை என்றால் உயிர். கடைசிவரை திருமணம் செய்யவில்லை.

1939 இல் விடுமுறைக்கு ஊர் வந்தவர் திரும்பிப் போகவில்லை. காரணம் போர். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதால், பெங்களூரில் சி.வி. ராமன் இருந்த இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் தற்காலிகமாக ஒரு வேலை எடுத்துக்கொண்டார். போரால் படிப்பும் வேலையும் திசைமாறிய எத்தனையோ பேரை எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அது இழப்பின் கதை. பாபாவுக்கோ அது அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பமாகிவிட்டது. பெங்களூரில் இருந்த அந்த ஐந்தாறு வருடங்களில்தான் இங்கேயே இருந்து எதையாவது கட்டவேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் முளைத்தது.

1944 மார்ச் 12 ஆம் திகதி அவர் தொராப்ஜி டாட்டா நிதியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படைப் பௌதிகவியலுக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடம் வேண்டும் என்பது கோரிக்கை. இன்னும் சில பத்தாண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாட்டுக்கு ஓடக்கூடாது, அவர்கள் வீட்டிலேயே தயாராக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். திகதியைக் கவனியுங்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழ இன்னும் ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கிறது. பிரித்தானியர் இன்னும் நாட்டை ஆண்டுகொண்டிருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் விளைவாக 1945 இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவானது.

சுதந்திரம் வந்ததும் பாபா நேராக நேருவிடம் போனார். இருவருக்கும் இடையே நல்ல நட்பு இருந்தது. 1948 இல் அணுசக்திச் சட்டம் வந்தது, அதே வருடம் ஓகஸ்டில் அணுசக்தி ஆணைக்குழு. ஆணைக்குழுவில் மூன்றே பேர்: தலைவர் பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர், கே.எஸ். கிருஷ்ணன். கிருஷ்ணன் ஶ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்த தமிழர்.

அந்தச் சட்டம் அணுசக்தியைச் சுற்றி ஒரு பெரிய இரகசிய மதிலைக் கட்டியது. சட்டம் விவாதத்துக்கு வந்தபோது எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் என்ற உறுப்பினர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். பிரித்தானியாவில்கூட இரகசியம் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக்கு மட்டும்தான், இங்கே ஏன் எல்லாவற்றுக்கும் என்பதே அது. சமாதானப் பயன்பாட்டையும் பாதுகாப்புப் பயன்பாட்டையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்ற அர்த்தத்தில் நேரு பதில் சொன்னார். நேர்மையான பதில். ஆனால் பிரிக்கத் தெரியாததால் முழுவதையும் மூடிவிடுவோம் என்பது அதன் முடிவாகிப் போனது. வானியற்பியலில் பெயர் பெற்ற மேக்நாத் சாஹா பின்னர் நாடாளுமன்றத்துக்கு வந்து இதையே எதிர்த்தார். பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சியை வளர்க்காமல் எல்லாவற்றையும் ஒரு கூரைக்குக் கீழே, ஒரு மனிதரின் கையில் குவிப்பது பிழை என்பது அவருடைய வாதம். 1956 இல் அவர் இறந்துபோனார். வாதமும் அதோடு மெலிந்தது.

1954 ஓகஸ்டில் அணுசக்தித் திணைக்களம் உருவானது. செயலாளர் பாபாவேதான். அமைச்சர் பிரதமரேதான். நடுவில் யாரும் இல்லை. பாபா ஒரு திட்டத்தோடு போனால் கேள்வி கேட்க ஒரேயொருவர்தான் இருந்தார், அவரும் நண்பர்.

அதே வருடம் நவம்பரில் டெல்லியில் நடந்த மாநாட்டில் பாபா தன் மூன்று கட்டத் திட்டத்தை முன்வைத்தார். இந்தக் கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்தியாவில் யுரேனியம் குறைவு. தோரியம் நிறைய. கேரளத்துக் கடற்கரையிலும் கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியிலும் உள்ள மணல் எங்கள் புல்மோட்டை மணலின் உறவுக்காரன்தான், ஆனால் மொனசைற் மிக அதிகம். (தோரியம் நிறைந்த தோரியனைற் என்ற கனியம் உலகத்துக்கு முதன்முதலில் தெரியவந்தது இலங்கையிலிருந்து. 1904 இல் அதைக் கண்டுபிடித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றுக்காக நாம் அறிந்த அதே குமாரசுவாமி, அப்போது இலங்கைக் கனிய அளவையின் பணிப்பாளர்.) இயற்கை யுரேனியத்தில் 0.7 வீதம்தான் எரியக்கூடியது. மீதி கிட்டத்தட்ட முழுவதும் சும்மா இருக்கும் யுரேனியம் 238. அதை அணுஉலைக்குள் வைத்தால் ஒரு பகுதி நியூத்திரனை விழுங்கிப் புளூட்டோனியமாக மாறும். இதுதான் முதற்கட்டம். எரிந்த எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து, அதை வேறொரு வகை உலையில் போட்டால், எரிந்ததைவிடக் கூடுதலான எரிபொருளை அது உண்டாக்கும். ஈனுலை என்கிறார்கள். இது இரண்டாம் கட்டம். அந்தப் பெருக்கம் போதுமான அளவுக்கு வந்த பிறகு தோரியத்தைச் சுற்றி வைத்து அதிலிருந்து யுரேனியம் 233 ஐ எடுத்து எரிப்பது மூன்றாம் கட்டம்.

ஆக, மற்ற நாடுகளுக்குப் புளூட்டோனியம் குண்டு, அல்லது தலைவலி. பாபாவின் கணக்கில் அது விதைநெல். இந்த வார்த்தை அவருடையதல்ல, என்னுடையது. வன்னிக்காரனுக்கு இதைவிடச் சுலபமாக விளங்கும் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தப் போகத்தில் விளைந்ததில் ஒரு பங்கைச் சாப்பிடாமல், விற்காமல், அடுத்த போகத்துக்கு என்று கட்டி வைக்கிறோம். அது இருந்தால்தான் வயல். 2008 இல் கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் அப்பா முதலில் ஏற்றியது நாலு மூட்டை விதைநெல். தருமபுரம், விசுவமடு, தேவிபுரம் என்று அதுவும் எங்களோடு வந்தது. தேவிபுரத்தில் அதைக் குற்றிச் சமைத்த நாளில் அப்பா சாப்பிடவில்லை. களஞ்சியத்தைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற ஒருவரின் பிடிவாதத்தைப் பார்த்து என்னால் முழுதாகச் சிரிக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தப் பிடிவாதம் உலக மேடையில் வெளிப்பட்டது 1956 இல். அதற்கு முந்திய வருடம் ஜெனீவாவில் ஐ.நா. நடத்திய அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய பாபாவை உலகமே அறிந்திருந்தது. சர்வதேச அணுசக்தி முகவரகத்துக்கான யாப்பை எழுத நியூயோர்க்கில் நாடுகள் கூடின. யாப்பின் வரைவில் ஒரு பிரிவு இருந்தது: முகவரகத்தின் உதவி பெறும் நாட்டில் உண்டாகும் புளூட்டோனியம் போன்ற பொருளை முகவரகம் தன் பொறுப்பில் கொண்டுவந்து வைக்கச் சொல்லலாம். நாடுகள் இரகசியமாகக் குவிக்காமல் இருக்க இது வழி என்று அமெரிக்கா முதலிய நாடுகள் கருதின.

பாபா எழுந்து எதிர்த்தார். தன் மின்சாரத் திட்டத்துக்காகப் புளூட்டோனியத்தை உற்பத்தி செய்யவும் வைத்திருக்கவும் ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, அந்தக் களஞ்சியத்தின் சாவியை வெளியாரிடம் கொடுத்தால் அந்த நாட்டின் பொருளாதாரமே அவர்கள் கையில் போய்விடும் என்பது அவர் நிலைப்பாடு. குண்டு வைத்திருக்கும் வல்லரசுகளைக் கேட்க யாரும் இல்லை, உதவி கேட்டு வரும் ஏழை நாட்டுக்கு மட்டும் காவலா என்றும் வாதிட்டார். கடைசியில் சமரசம் எட்டப்பட்டது. உலைகளுக்கும் ஆராய்ச்சிக்கும் தேவையானதை நாடே வைத்துக்கொள்ளலாம், மிஞ்சுவதை மட்டுமே முகவரகம் கேட்கலாம். எது தேவை, எது மிச்சம் என்று சொல்லப்போவது யார்? நடைமுறையில் அந்தந்த நாடுதான். அப்படி ஒரு சர்வதேசக் களஞ்சியம் இன்றுவரை உருவாகவில்லை.

அதை வாசித்தபோது எனக்கு இரண்டு மனம். பெரியவர்கள் சின்னவர்களுக்கு மட்டும் விதிக்கும் விதியை ஒருவர் எழுந்து எதிர்ப்பது எங்களுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் அந்தச் சாவியை வெளியாரிடம் கொடுக்க மறுத்த அதே மனிதர், சொந்த மக்களிடமும் கொடுக்கவில்லை. 1948 இன் மதிலை 1962 இல் வந்த புதிய சட்டம் இன்னும் உயர்த்தியது.

1956 ஏப்ரலில் கனடா ஓர் ஆராய்ச்சி உலையைத் தர ஒப்புக்கொண்டிருந்தது. அமெரிக்கா கனநீர் தந்தது. சமாதானத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்ற வாக்குறுதியைத் தவிர பெரிய கண்காணிப்பு எதுவும் அதில் இல்லை. பம்பாய்க்குப் பக்கத்தில் ட்ராம்பேயில் 1960 ஜூலை 10 ஆம் திகதி அந்த உலை இயங்கத் தொடங்கியது. பெயர் சைரஸ். 40 மெகாவாற் வெப்ப வலு. வருடத்துக்குச் சில கிலோ புளூட்டோனியத்தை அதனால் உண்டாக்க முடியும். நாகசாகியில் வெடித்த குண்டுக்குள் இருந்தது ஏறத்தாழ 6 கிலோ.

அதிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்க ஓர் ஆலை வேண்டும். 1958 இலேயே முடிவு எடுத்து, ஹோமி சேத்னா என்ற இரசாயனப் பொறியியலாளரின் பொறுப்பில் அதைக் கட்டி, 1964 இல் இயக்கினார்கள். பீனிக்ஸ் என்று பெயர். வருடத்துக்கு 30 தொன் எரிபொருளைப் பதப்படுத்தும் திறன் கொண்டது. அந்த நேரத்தில் புளூட்டோனியத்தை விதையாகப் போட ஈனுலை ஒன்றுகூட இந்தியாவில் இல்லை, மின்சாரம் தரும் அணுஉலையும் இல்லை. வயல் வெட்டு முன்னமே விதைநெல் மூட்டை வந்துவிட்டது.

இந்த மூட்டையை வைத்திருப்பது நெல் மூட்டையை வைத்திருப்பது போலல்ல. புளூட்டோனியம் வீசும் கதிரை ஒரு கடதாசித் தாள் தடுத்துவிடும். ஆனால் நுண்ணிய தூசாக மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கி வருடக்கணக்கில் கதிர் வீசும். நிறைய ஓரிடத்தில் சேர்ந்தால் தானாகவே அணுப்பிளவு தொடங்கிவிடும். அதனால் சிறு சிறு கலங்களில், இடைவெளி விட்டு வைக்கவேண்டும். கிராம் கணக்கில் பதிவு வைக்கவேண்டும். குழாய்களிலும் கலங்களிலும் ஒட்டி நிற்பது, அளவிடும் கருவியின் பிழை என்று பெரிய ஆலையில் கணக்கு எப்போதும் கொஞ்சம் உதைக்கும். ஒரு குண்டுக்குப் போதுமானது என்று முகவரகம் கொள்ளும் அளவு 8 கிலோ. ஆகவே அந்தக் கொஞ்சம் என்பது சின்ன விஷயமல்ல. இன்னொன்று. மின்உலைகளிலிருந்து வரும் புளூட்டோனியத்தில் ஒரு பகுதி 14 வருடத்துக்குள் பாதியாகக் குறைந்து அமெரீசியமாக மாறும். அது கூடக்கூட, பழைய மூட்டை கையாளக் கடினமானதாகிறது. திரும்பச் சுத்திகரிக்க வேண்டும். விதைநெல்லும் வைத்திருக்க வைத்திருக்க முளைக்கும் திறனை இழக்கும். ஆனால் நெல்லைக் கொட்டிவிடலாம். புளூட்டோனியம் 239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 வருடங்கள் எடுக்கும்.

1964 மே மாதம் நேரு இறந்தார். ஒக்டோபர் 16 ஆம் திகதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. எட்டு நாள் கழித்து பாபா அகில இந்திய வானொலியில் பேசினார். ஐ.நா. தினத்துக்கான பேச்சு அது, ஆயுதக் களைவையும் வலியுறுத்தினார். ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது வேறொன்று. 10 கிலோதொன் வலுவுள்ள குண்டு ஒன்றுக்கு 17.5 இலட்சம் ரூபாதான் செலவாகும் என்றார் அவர். அமெரிக்கர் சமாதான வெடிப்புகளுக்காகப் போட்டிருந்த விலைப்பட்டியலிலிருந்து எடுத்த கணக்கு அது. உலையின் செலவும் பிரித்தெடுக்கும் ஆலையின் செலவும் அதற்குள் இல்லை. வேலிக்கம்பியும் கிணறும் உழவுக்கூலியும் சேர்க்காமல் ஒரு மூட்டை நெல்லின் விலையைச் சொல்வது போன்றது. பௌதிகவியலில் இவ்வளவு நுணுக்கமான மனிதர் இந்தக் கணக்கை அப்படியே மக்கள் முன் வைத்தது தவறுதலாக நடந்ததென்று எனக்குத் தோன்றவில்லை. குண்டு வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்தில் உயர்ந்தது. குண்டை விரும்பாத பிரதமர் சாஸ்திரி, கடைசியில் நிலத்தடியில் சமாதான நோக்கிலான வெடிப்பு என்ற பெயரில் ஆய்வுக்கு இடம்கொடுத்தார்.

அவருடைய வேறு கணக்குகளும் பிழைத்தன. 1980 இல் இந்தியாவில் 8,000 மெகாவாற் அணுமின்சாரம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். 1980 வந்தபோது 1,000 கூட இல்லை. ஆனால் நிறுவனம் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இளைஞர்களைத் தேடிப்பிடித்துப் பயிற்சி கொடுத்தார். கட்டடத்துக்கு இடைஞ்சலான மரத்தை வெட்ட விடாமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வைத்தார். ஆராய்ச்சிக் கூடத்தின் சுவர்களில் எம்.எப். ஹுசைன் போன்ற ஓவியர்களுக்கு இடம் கொடுத்தார். இதெல்லாம் பொய்யல்ல. அவரோடு வேலை செய்தவர்கள் கடைசிவரை அவரை மதித்ததற்கு இதுவும் காரணம்.

1966 ஜனவரி 11 ஆம் திகதி சாஸ்திரி தாஷ்கந்தில் இறந்தார். இரண்டு வாரம் கூட ஆகவில்லை. ஜனவரி 24 ஆம் திகதி, வியன்னாவில் முகவரகத்தின் விஞ்ஞான ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்குப் புறப்பட்ட பாபா பயணித்த எயார் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மொன் பிளாங் சிகரத்தில் மோதியது. அதிலிருந்த 117 பேரும் இறந்தார்கள். பாபாவுக்கு 56 வயது. அன்றைய தினமே டெல்லியில் இந்திரா காந்தி பிரதமராகப் பதவியேற்றார். சதி, உளவு நிறுவனம் என்று கதைகள் இன்றும் உலாவுகின்றன. நிரூபிக்கப்பட்டது எதுவுமில்லை.

அவர் போன பிறகும் களஞ்சியம் தன் பாட்டில் வளர்ந்தது. ட்ராம்பே நிலையத்துக்கு 1967 இல் அவர் பெயரை வைத்தார்கள். 1974 மே 18 ஆம் திகதி பொக்ரான் பாலைவனத்தில் இந்தியா வெடித்த சாதனத்துக்குள் இருந்தது சைரஸ் உலையின் புளூட்டோனியம். சமாதான வெடிப்பு என்றார்கள். கனடா ஒத்துழைப்பை நிறுத்தியது. விதைநெல் என்று கட்டி வைத்த மூட்டைகளில் ஒன்று வேறு தேவைக்குப் போனது. இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை என்று நேரு 1948 இல் ஒப்புக்கொண்டது இதைத்தான்.

இன்று ஒன்பது நாடுகள் தங்கள் சிவில் புளூட்டோனியக் கணக்கை வெளியிட ஒப்புக்கொண்ட வழிகாட்டி ஒன்று இருக்கிறது. 1990களின் இறுதியில் வந்தது. இந்தியா அதில் இல்லை. 2006 இல் அமெரிக்காவுடனான உடன்பாட்டுக்காகச் சிவில் உலைகளையும் மற்றவற்றையும் இந்தியா பிரித்தபோது, கல்பாக்கத்து ஈனுலையைச் சர்வதேசக் கண்காணிப்புக்கு வெளியேதான் வைத்தது. கணக்கு வெளியிடும் நாடுகளின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை. பிரித்தானியாவின் செலாஃபீல்டில் ஏறத்தாழ 140 தொன் கிடக்கிறது. அதுவும் ஒருகாலத்தில் ஈனுலைக்கான விதை என்று சேர்த்ததுதான். ஈனுலைத் திட்டத்தை அவர்கள் 1990களில் கைவிட்டார்கள். பயன்படுத்தப் போவதில்லை, உறைய வைத்துப் புதைக்கப் போகிறோம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. ஆனால் அங்கே எவ்வளவு கிடக்கிறது என்று அந்த நாட்டுக் குடிமகனுக்குத் தெரியும். பத்திரிகைக்காரன் கேட்டால் பதில் வரும்.

கல்பாக்கத்தில் 1985 இல் ஒரு சிறிய ஈனுலை இயங்கத் தொடங்கியது. 500 மெகாவாற் பெரிய ஈனுலையின் கட்டுமானம் 2004 இல் ஆரம்பமானது. அதன் முதல் நிரப்பலுக்கு மட்டும் கிட்டத்தட்ட 2 தொன் புளூட்டோனியம் வேண்டும். அந்த வருடம் டிசம்பர் 26 காலை முல்லைத்தீவு நகரத்தை அள்ளிக்கொண்டு போன அதே அலை கல்பாக்கத்துக்கும் போனது. புது ஈனுலைக்காகத் தோண்டியிருந்த பெருங்குழி கடல்நீரால் நிரம்பியது. இயங்கிக்கொண்டிருந்த மின்உலையை நிறுத்தினார்கள். ஊழியர் குடியிருப்பில் பலர் இறந்தார்கள். முல்லைத்தீவில் உறவுகளைத் தேடி அலைந்துகொண்டிருந்த எங்களில் யாருக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு குழி இருந்தது அப்போது தெரியாது. அதற்கு முந்திய வருடம் ஜனவரியில் அங்குள்ள மீள்பதப்படுத்தல் நிலையத்தில் 6 பணியாளர்கள் எல்லை மீறிய கதிர்வீச்சுக்கு உள்ளானதும் தெரியாது. அது இந்தியப் பத்திரிகைகளுக்கே தெரியவரச் சில மாதங்கள் எடுத்தன. கூடங்குளம் பற்றி 2012 இல் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சு எழுந்தது, இலங்கை அரசும் கவலை தெரிவித்தது. ஆனால் புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து வைத்திருக்கும் கல்பாக்கத்தைப் பற்றி இந்தக் கரையில் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை.

பெரிய ஈனுலை 2010 இல் முடியும் என்றார்கள். எரிபொருள் ஏற்றும் தொடக்க நிகழ்வே 2024 மார்ச்சில், பிரதமர் மோடி வந்து பார்க்கத்தான் நடந்தது. பாபா 1954 இல் பேசிய இரண்டாம் கட்டத்தின் வாசல் இது. தோரியம் என்ற மூன்றாம் கட்டம் இன்னும் தூரத்தில். கொக்கிளாய் ஐயாவைத் திரும்பவும் சந்தித்தபோது இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னேன். மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அக்கரையில் வைத்திருப்பதை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்டார். அவர்களே எண்ணுகிறார்கள் என்றேன்.

மொன் பிளாங்கிலிருந்து இறங்கும் பனியாறு மெல்ல உருகி, அந்த விமானத்தை இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 2012 இல் இந்திய அரசின் தபால் பை ஒன்று கிடைத்தது. 2020 கோடையில் அடிவாரத்தில் உணவகம் நடத்தும் ஒருவர் பனிக்குள்ளிருந்து ஒரு கட்டுப் பத்திரிகைகளை எடுத்தார். 1966 ஜனவரியில் அச்சான இந்தியப் பத்திரிகைகள். இந்திரா காந்தி பிரதமராகத் தெரிவான செய்தி முதல் பக்கத்தில் இன்னும் வாசிக்கும்படி இருந்தது. அவர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தார்.